ஒன்று விடாமல் உட்கார்ந்து பார்த்தது

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் சௌக்கியம்தானே? குட்டிக்குச் சளி விட்டதா? நான் கல்லு மாதிரி இருக்கிறேன். என்னைப் பற்றிக் கேட்டு மையை வீணாக்காதே.

ஷெட் சத்தத்தில் போனை எடுக்க முடிவதில்லை. வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பில்லை. போதாக்குறைக்கு, போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ குறுக்கே நாலு வார்த்தை சொல்வாய். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது, பார்!

விஷயத்துக்கு வருகிறேன். உன் காலேஜ் பரீட்சை ஹாலுக்கு நானூறு நாற்காலி, ஆர்டர் எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டது. ஸ்டோர் கீப்பர் தம்பி சொன்ன வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மரியாதையா? மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க தம்பியா இதுக்குக் காரணம்?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்து அப்படியே குடித்துவிட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, சாதாரணமாகப் பத்து நாற்காலிக்கு ஒன்று எடுத்து உட்கார்ந்து பார்ப்பேன். ஆடாமல் நின்றால் அடியில் என் பச்சை ஸ்டிக்கர். ஆடினால் அதைப் பூட்டின பிட்டரிடமே திரும்பிப் போகும். இந்த ஆர்டரை அப்படி விடப்போவதில்லை. நானூற்றையும் ஒன்று விடாமல் நானே உட்கார்ந்து பார்த்துத்தான் அனுப்புவேன். நாளைக்கு யாரும் உன்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. உட்கார்ந்தே சம்பாதிக்கிறவள் என்று நீ கேலி செய்வாயே, இப்போது நிஜமாகவே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கப் போகிறேன்.

இடத்தையும் மாற்றிக்கொண்டேன். ஷெட் நடுவில் மட்டம் பார்த்துப் பதித்த பெரிய கல் ஒன்று உண்டு, மட்டக்கல் என்போம். இத்தனை நாள் அதன்மேல் வைத்துத்தான் பார்த்தேன். இப்போது ஓரத்தில் தூண் பக்கம் வந்துவிட்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. தூணுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பிரஸ் மெஷின் வந்து டங்கு டங்கென்று தரையே அதிர அடிக்கிறது, அது ஒன்றுதான் தொல்லை.

உன் மருமகள் படிப்பில் மும்முரமாக இருக்கிறாள். ஹாஸ்டலில் இருந்து வாரம் ஒருமுறை வந்து என் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போகிறாள்.

எல்லாருக்கும் என் அன்பு.

அக்கா

ஜனவரி 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே குட்டியின் சளி அவளை விட்டு எனக்கு வந்து, என்னை விட்டு உன் தம்பி பொண்டாட்டிக்குப் போயிருக்கிறது. மற்றபடி சுகம். உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் கல்லு, மண்ணு என்று எழுதுகிறாய். பரவாயில்லை, கல்லாகவே இரு.

அக்கா, நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பிரின்சிபால், "நல்ல நாற்காலி யாருய்யா பண்றாங்க?" என்று கேட்டார். "எங்கக்கா உட்கார்ந்து பார்க்காம ஒரு நாற்காலி வெளிய போகாது சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்த மனிதர் ஆர்டரே போட்டுவிட்டார். இப்போது ஆபீசில் என் பெயரே 'நாற்காலி மச்சான்' ஆகிவிட்டது.

மார்ச்சில் பரீட்சை. அதற்கு முன்னால் வந்துவிட்டால் போதும். நானூற்றையும் நீயே பார்க்க வேண்டுமா? இடுப்பு என்னத்துக்கு ஆகும்? வழக்கம் போலப் பத்துக்கு ஒன்று பாரேன்.

உன் தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

அங்கே மூன்று மூக்கும் தேறிவிட்டதா? இங்கே நான் கல்லு மாதிரி.

நாற்காலிகள் இன்று காலை லாரி ஏறின. நானூறும் என் கீழே இருந்து எழுந்து போனவை. அடியில் பச்சை ஸ்டிக்கர் இருக்கும், பார்த்து எண்ணி இறக்கு.

ஆனால் இந்தத் தடவை பட்ட பாடு இருக்கிறதே! எங்கள் பிட்டரை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஷெட்டில் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் ஆகியும் தினம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவன் போலத்தான் வேலைக்கு வருவான். கை அவ்வளவு சுத்தம். இத்தனை வருடத்தில் அவன் பூட்டிய நாற்காலி என்னிடம் ஆடியதே அபூர்வம். இந்த ஆர்டரில் என்ன பீடை பிடித்ததோ, எடுத்ததெல்லாம் ஆடியது. முதல் நாற்காலி ஆடியது, இரண்டாவது ஆடியது, மூன்றாவதில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ன மாப்ள, தூக்கத்துல பூட்டுறியா?" என்றேன்.

"இல்லக்கா, என் பெஞ்சு மேல நல்லா நிக்குதே" என்று தலையைச் சொறிந்தான்.

"உன் பெஞ்சு மேலயா ஜனங்க உட்காரப் போறாங்க?"

பின்னங்கால் இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது என்று காட்டினேன். காலின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி உள்ளே ஒரு வாஷர் போட்டு உயரம் ஏற்றிக் கொண்டுவந்தான். உட்கார்ந்து பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் அதே வைத்தியம்தான். கடைசியில் எல்லாம் என் கீழே அம்மி மாதிரி நின்றது.

அவன் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். போய்க் காட்டச் சொன்னேன்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மனசு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நீ எப்படி இருக்கிறாய்?

நாற்காலி ஆடுகிறது அக்கா.

ஒன்று இரண்டு அல்ல. எல்லாம். நேற்று முதல் பரீட்சை. ஹாலில் நானூறு பிள்ளைகள். மணி அடித்ததும் எல்லோரும் எழுதக் குனிந்தார்கள், டக். யோசிக்க நிமிர்ந்தார்கள், டக். ஹால் முழுக்க டக் டக் டக் டக். குதிரை லாயத்துக்குள் பரீட்சை வைத்த மாதிரி இருந்தது. மேற்பார்வைக்கு வந்த கணக்கு வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டு, "யாரது காலை ஆட்டுறது?" என்று கத்தினார். யாரும் ஆட்டவில்லை, நாற்காலிதான் ஆடியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு பெண் பேப்பரை மடித்து நாற்காலிக் காலடியில் சொருகியிருக்கிறாள். அதைப் பார்த்துப் பக்கத்து வரிசை, அதைப் பார்த்து அடுத்த வரிசை. வாத்தியார் அத்தனை துண்டுச் சீட்டையும் பிட் என்று பிடித்து, பதினோரு பேரை எழுப்பி வெளியே நிறுத்திவிட்டார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் வெற்றுத் தாள். ஒன்றில் மட்டும் 'இந்த நாற்காலி செய்தவர் நல்லா இருக்கட்டும்' என்று எழுதியிருந்தது.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா உட்கார்ந்து பார்த்ததா சொன்னீங்க?" என்றார்.

நிஜமாகவே நீயே எல்லாவற்றிலும் உட்கார்ந்தாயா? கோபப்படாதே, கேட்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

நான் உட்கார்ந்தேன். நானூற்றிலும் உட்கார்ந்தேன். என் மகள் மேல் சத்தியம் பண்ணவா? பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறவளிடம் நீ இப்படிக் கேட்கலாமா? உனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தானடா!

உன் ஹால் தரையைப் பார். மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். தரை கோணலாக இருந்தால் நாற்காலி என்ன செய்யும்? முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் அக்காவைப் பிடி.

குட்டியைக் கேட்டதாகச் சொல். நான் கல்லு மாதிரிதான் இருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று நினைக்கவில்லை. அந்தக் கடிதத்தை உன் தம்பி பொண்டாட்டி படித்துவிட்டு, "நல்லா வேணும்" என்று என்னைத்தான் திட்டினாள்.

நீ சொன்னபடி கொத்தனாரைக் கூட்டிவந்து ரசமட்டம் வைத்து ஹால் முழுக்கப் பார்த்தோம். தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது. அது அவரே போட்ட தரையாம், அவருக்கு என்மேல் கோபம். "என் தரையச் சந்தேகப்பட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார். அக்காவிடம் திட்டு, கொத்தனாரிடம் திட்டு, பிரின்சிபாலிடம் திட்டு. என் ஜாதகத்தில் இப்போது நாற்காலி உட்கார்ந்திருக்கிறது போல.

இன்னொன்று. நாற்காலியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். எதை எடுத்தாலும் பின்னங்கால் இடது பக்கம்தான் உயரம். புஷ்ஷைப் பிடுங்கினால் உள்ளே வாஷர். நீ எழுதியிருந்தாயே, அந்த வாஷர்தான். மற்ற மூன்று காலிலும் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆடக் கூடாது என்று போட்ட வாஷர்தானே ஆட வைக்கிறது?

வேறு வழியில்லாமல் பிரின்சிபால் உங்கள் கம்பெனிக்கு எழுதிவிட்டார். ஒரு நாற்காலியையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். என்னால் தடுக்க முடியவில்லை. உனக்கு ஏதும் தொந்தரவு வந்தால் என்னை மன்னித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அங்கே எல்லாரும் நலமாக இருங்கள்.

மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

திரும்பி வந்த நாற்காலியை மேனேஜர் மட்டக்கல்லில் வைத்து அமுக்கினார். டக் என்றது. அடியில் என் பச்சை ஸ்டிக்கர், என் கையெழுத்து. என் கீழே ஆடாமல் நின்ற அதே நாற்காலி! மேனேஜர் புஷ்ஷைப் பிடுங்கினார், வாஷர் விழுந்தது. "கோணலாப் பூட்டிட்டு வாஷர் போட்டு மறைச்சிருக்கான். அம்மா பார்த்தப்ப நின்னிருக்கும், லாரியில அலுங்கினதும் பல்லைக் காட்டிடுச்சு" என்றார்.

"நான்தான் சார் போடச் சொன்னேன்" என்றேன். "நீங்க ஆடுதுன்னு சொன்னீங்க. ஆடாமப் பண்ண வேண்டியது அவன் வேலைதானே?" என்றார். அது சரிதானே? சரிதானா? எனக்கே விளங்கவில்லை.

மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றான். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தான். நான் சொன்னேன் என்று போய் வாங்கினானாம். அவன் மேனேஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் கரி பட்டிருந்தது. துடைக்காமல் போய்விட்டான்.

ஆடிய நாற்காலியை ஆடாமல் பண்ணச் சொன்னேன். பண்ணினான். நான் உட்கார்ந்தேன், நின்றது. நீ உட்கார்ந்தாய், ஆடுகிறது. எங்கே தப்பு? மண்டை காய்கிறது. இதில் யாருக்காவது மூளை கலங்கியிருந்தால் அது நானாகத்தான் இருக்கும்.

அக்கா

மே 11

அக்காவுக்கு,

நலமா? மாப்பிள்ளை விஷயம் கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பழி என் தலையிலும் விழுகிறது போல இருக்கிறது.

ஒரு அதிசயம் நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். லீவு விட்டதும் ஒரு நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன், உடைத்தாவது உள்ளே என்ன என்று பார்த்துவிடுவது என்று. கூடத்தில் போட்டேன், ஆடியது. அடுப்படியில், ஆடியது. சீ போ என்று பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். குட்டி ஏறி உட்கார்ந்து, "அப்பா, ஆடலை" என்றாள். நான் உட்கார்ந்தேன். ஆடவில்லை அக்கா! கல்யாண வீட்டு மாப்பிள்ளை சோபா மாதிரி அப்படியே நிற்கிறது.

அங்கே தண்ணீர் போகிற மூலையில் தரை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். பின்னங்கால் இடது அந்தப் பள்ளத்தில் நின்றது. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், மறுபடி டக் டக். வாஷர் போடாத நாற்காலியை அங்கே வைத்தால் ஆடுமா என்று பார்க்க வீட்டு நாற்காலியையும் வைத்தேன். நல்ல நாற்காலி, அங்கே ஆடியது.

அதனால் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். நீ எங்கே வைத்து உட்கார்ந்து பார்த்தாய்? தூண் பக்கம் என்று எழுதினாயே, அங்கே தரை எப்படி? எப்போதும் ஒரே பக்கமாகத்தான் நாற்காலியைப் போடுவாயா? வெளிச்சத்துக்காக என்று எழுதினாய், நாற்காலி ஆடுகிறதா என்று பார்க்க வெளிச்சம் எதற்கு? அது உட்கார்ந்தால் தெரிகிற விஷயம்தானே?

உடனே எழுது.

தம்பி

ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி வீட்டுக்காரி எழுதுகிறேன். இது இவருக்குத் தெரியாது. தபால்காரர் வரும் நேரத்தில் தினமும் வாசலுக்குப் போய் நிற்கிறார். உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லையாம். "அக்காவுக்கு என்மேல கோபம்" என்று ஒரே புலம்பல். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணி, போன தடவை நீங்கள் இங்கே வந்தபோது குட்டி கையை நீட்டினாள். நீங்கள் குனியவில்லை. "நீயே கட்டில்ல ஏறி வா கண்ணு" என்றீர்கள். சாப்பிட்டு எழுந்திருக்க மேஜையைப் பிடித்தீர்கள். படுத்து எழுந்திருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தீர்கள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டால் கல்லு மாதிரி இருக்கிறேன் என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன். நானூறு தடவை உட்கார்ந்தீர்களே, எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள்?

குட்டி உங்களைத் தேடுகிறாள்.

ஜூலை 12

அன்புத் தம்பிக்கும் தம்பி பொண்டாட்டிக்கும்,

இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

முட்டி போய்விட்டது. போன வருடமே ஆரம்பித்தது. உட்காருவது பாதகமில்லை, எழுந்திருக்கும்போது உயிர் போகிறது. மட்டக்கல் ஷெட் நடுவில் இருக்கிறது, அங்கே பிடிக்க ஒரு துரும்பு கிடையாது. தூணோரம் போய்விட்டால் இடது கையால் தூணைப் பிடித்து எழுந்துவிடலாம். அதற்காகத்தான் நாற்காலியையும் எப்போதும் ஒரே பக்கமாகப் போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் வெளிச்சம் என்றேன். எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவருக்கு இடுப்பு பிடித்ததும் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் கடிகாரம் கொடுத்துவிட்டால் உன் மருமகளின் கடைசி வருடம் என்ன ஆவது? அதுதான் வாயைத் திறக்கவில்லை.

உன் மே மாதக் கடிதம் வந்த மறுநாள் எல்லோரும் டீ குடிக்கப் போனதும் தூணோரம் ஒரு செம்பு தண்ணீரைக் கொட்டினேன். தண்ணீர் நேராக ஓடிப்போய், பின்னங்கால் இடது நிற்குமே, சரியாக அந்த இடத்தில் குளம் கட்டியது. அந்தப் பிரஸ் மெஷின் அடித்த அடியில் தரை இறங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். மாப்பிள்ளை நல்ல நாற்காலியைத்தான் கொண்டுவந்தான். நான்தான் நல்லதை எல்லாம் ஆடுகிறது என்று திருப்பி அனுப்பி, என் பள்ளத்துக்குத் தோதாக அவனை மாற்ற வைத்து, கெட்டதற்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். மற்ற ஆர்டர் என்றால் பத்துக்கு ஒன்றுதான் கெட்டிருக்கும். உன் ஆர்டர் என்று ஒன்று விடாமல் பார்த்தேன் பார், அதனால்தான் ஒன்று விடாமல் கெட்டது.

இது தெரிந்த பிறகும் நான் பேசவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே தள்ளிப்போட்டேன். மாப்பிள்ளையின் காலியான பெஞ்சைப் பார்க்காமல் இருக்கச் சுற்றிக்கொண்டு நடந்தேன். சுற்றி நடந்தாலும் முட்டி வலித்தது. உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவேன்? அப்புறம் உன் வீட்டுக்காரியின் கடிதம் வந்தது. அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். தம்பி, நீ ஸ்டோரில் இருக்க வேண்டியவன். எங்கள் கம்பெனியில் சோதனை வேலைக்கு உன் பொண்டாட்டியைத்தான் வைக்க வேண்டும்.

முதலில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா, உட்காருங்க" என்று ஸ்டூலைப் போட்டவன், சட்டென்று அதைத் தூக்கிச் சுவரோரமாக நகர்த்தினான். நான் பிடித்து எழுந்திருக்கத் தோதாக.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தூணைப் பிடிச்சு எந்திரிக்கிறது தெரியும்க்கா. ஷெட்டுல எல்லாத்துக்கும் தெரியும். வெளிய சொன்னா உங்க வேலைக்கு வேட்டு, அதான் யாரும் வாயத் திறக்கல."

"பின்ன ஏன் மேனேஜர் முன்னாடி நீ பேசாம நின்ன?"

"அதுல தரை ஒரு விஷயம்னு எனக்கு எங்க தெரியும்? என் பெஞ்சுல நிக்குது, உங்ககிட்ட ஆடுது. நீங்க சொன்னா தப்பா இருக்காதே, என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கண்ணாடி போட்டப்புறம் எல்லாமே வளைஞ்சு தெரியுது. சரி, நம்ம காலம் முடிஞ்சுதுன்னு வந்துட்டேன்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றி வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான். மாட்டிப் பார்த்தான். மறுபடி கழற்றினான். "அப்ப எனக்கு நல்லாத்தான் தெரியுதா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். நான் அழுதுவிட்டேன், என்ன செய்ய?

மறுநாள் மேனேஜரைத் தூணோரம் கூட்டிவந்து, திரும்பி வந்த நாற்காலியில் வாஷரைத் திரும்பப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், ஆடவில்லை. அதையே மட்டக்கல்லுக்குத் தூக்கிப்போய் உட்காரச் சொன்னேன். டக். வாஷரை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். நின்றது. அதைத் தூணோரம் கொண்டுவந்தேன். டக். மனிதர் நாலு தடவை உட்கார்ந்து எழுந்து வேர்த்துப்போய், "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. இப்ப எது நல்ல நாற்காலி?" என்றார்.

"நாற்காலி எல்லாம் நல்ல நாற்காலி சார். தரைதான் பள்ளம். பள்ளத்துக்கு என்னை இழுத்துட்டுப் போனது என் முட்டி. மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

மாப்பிள்ளை திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறான். என்னை என்ன செய்வது என்று மேனேஜர் இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்குப் புஷ் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார். "உட்கார ஒரு ஆள் போடுங்க சார், அக்கா பார்த்துச் சொல்லட்டும்" என்று மாப்பிள்ளை கேட்டானாம். யோசிக்கிறேன் என்றாராம். கடிகாரமா, நாற்காலியா என்று எனக்குத் தெரியவில்லை. தினம் காலையில் அவர் கையில் ஏதாவது அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் உள்ளே போகிறேன்.

உன் பிரின்சிபாலிடம் உண்மையைச் சொல். நாற்காலிகளில் வாஷரை எடுத்துவிட்டால் போதும், நின்றுவிடும். உன்னை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்துவிட்டேன்.

அக்கா

ஜூலை 29

அக்காவுக்கு,

என்ன அக்கா நீ! நானூறு தடவையா? படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபத்தில் நாலு வீடு கேட்கக் கத்தினேன். கடிதத்தில் உன் பேச்சில் குறுக்கே பேச முடியவில்லையே என்றுதான். கத்தி முடித்ததும் உன் தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்துக் கேட்டாள், "உங்க அக்கா மேஜையப் பிடிச்சு எந்திரிச்சப்ப நீங்க எங்க பார்த்துட்டு இருந்தீங்க?" என்று. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை சாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரின்சிபாலிடம் சொன்னேன். மேஜையைப் பிடித்து எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "என் கால் முட்டியும் அப்படித்தான்யா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும்.

நானும் பியூனும் உட்கார்ந்து எல்லாப் புஷ்ஷையும் பிடுங்கி வாஷரை எடுத்துவிட்டோம். நேற்று ஹாலில் பரீட்சை. ஒரு சத்தம் இல்லை. கணக்கு வாத்தியார் அமைதி தாங்காமல் தூங்கிவிட்டார்.

ஒரே ஒரு நாற்காலியை மட்டும் மாற்றவில்லை. பின்கட்டில் இருக்கிறதே, அது. அதற்குக் காசு கட்டி எடுத்துக்கொண்டேன். அந்த மூலையிலேயே போட்டிருக்கிறேன், உன் தூணோரம் போட்டிருந்த அதே பக்கமாக. இடது கைப் பக்கம் சுவர் இருக்கிறது. குட்டியை அதில் உட்கார விடுவதில்லை, அத்தை நாற்காலி என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

இங்கே முட்டிக்கு நல்ல டாக்டர் இருக்கிறார். கடிகாரம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நீ வா. மருமகள் படிப்பு உன் ஒருத்தி பாடு மட்டும் என்று யார் சொன்னது?

தம்பி

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமென்று தெரிந்தது. நான் நன்றாக இல்லை. இடது முட்டி வீங்கியிருக்கிறது, படி இறங்கினால் வலது முட்டியும் சேர்ந்துகொள்கிறது, ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. கேட்டாயே, எழுதிவிட்டேன்.

மேனேஜர் இன்னும் யோசிக்கிறார். மட்டக்கல்லில் இப்போது மாப்பிள்ளையே உட்கார்ந்து பார்க்கிறான். உட்காருகிறான், எழுகிறான், அப்புறம் மேஜைப் பக்கம் திரும்பி என்னைப் பார்க்கிறான். நான் தலையாட்டினால்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறான். இது எவ்வளவு நாளைக்கு என்று தெரியவில்லை.

பதினைந்து நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

அந்த நாற்காலி நன்றாக நிற்கிறது என்று நீ சொன்னால் ஆகிவிடுமா? நான் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். ஆனால் சுவரெல்லாம் வேண்டாம். எழுந்திருக்கும்போது நீ பக்கத்தில் நில், கை கொடு.

அக்கா